மடுவில் மீன் இருக்கிறது, உங்கள் ஃப்ளை அங்கே போகவில்லை

ஆற்றங்கரை: வாசகர் கேள்விகளுக்குத் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க் நார்த்டேலிலிருந்து அக்காவின் பதில்கள்

ஜூன் பிறந்துவிட்டது. நேட்டாலில் மழை நின்று ஆறுகள் இறங்கித் தெளிந்துவிட்டன. கோடையில் கலங்கல் தண்ணீரில் மேலும் கீழும் அலைந்த மீனெல்லாம் இப்போது ஆழமான மடுக்களில் போய் அடைந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடுவைப் பற்றியே பேசுகின்றன. முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: ஃப்ளை என்பது இறகும் நூலும் கொண்டு முள்ளில் கட்டிய போலி இரை, ராட் என்பது தூண்டில் கோல், லைன் என்பது ஃப்ளையை வீச உதவும் கனமான கயிறு.

கேள்வி: அக்கா, நான் மதுரைப் பக்கத்துக்காரன். மிட்ராண்டில் கணினி வேலை. சனிக்கிழமைகளில் பரேஸ் ஊர்ப் பக்கம் வால் ஆற்றுக்குப் போகிறேன். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் நிம்ஃப் (பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃப்ளை) போட்டு யெல்லோஃபிஷ் என்ற ஆற்று மீன் பிடிக்கப் பழகிவிட்டேன். ஆனால் அதற்குக் கீழே, வில்லோ மர நிழலில், ஆறு அகன்று ஆழமாகி அசையாத மாதிரி கிடக்கிறது. அங்கே பெரிய மீன் புரள்வது கண்ணுக்கே தெரிகிறது. மிதக்கும் லைனில் எவ்வளவு நேரம் வீசினாலும் ஒன்றும் தொடுவதில்லை. எங்கே பிசகுகிறது?
— ஒரு வாசகர், மிட்ராண்ட்

பதில்: தம்பி, வேகமான நீரில் செய்வதை அப்படியே மடுவிலும் செய்கிறீர்கள். பிசகு அங்கேதான். வேக நீரில் பாதி வேலையை ஆறே செய்துவிடும். ஃப்ளையைக் கொண்டுபோய் மீனின் மூக்குக்கு முன்னால் விடும். பிடிக்கலாமா வேண்டாமா என்று மீன் யோசிப்பதற்குள் இழுத்துக்கொண்டும் போய்விடும். மடுவில் ஆறு நமக்கு எதையும் செய்து தராது. இறக்குவதும் நாம்தான், நகர்த்துவதும் நாம்தான். மீனுக்கோ பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நேரம் கிடைக்கிறது. அதனால் முதலில் ஆழம், அடுத்து வேகம், அதற்கப்புறம்தான் எந்த ஃப்ளை என்ற பேச்சு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியில் உள்ள ஃப்ளையை எல்லாம் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். அத்தனையும் மீனுக்கு இரண்டு மீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கும்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமிழும் லைன்களின் பெட்டியில் டைப் 3, டைப் 6 என்று போட்டிருப்பார்கள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ எத்தனை அங்குலம் இறங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. டைப் 3 என்றால் நொடிக்கு 7.5 சென்டிமீட்டர். உங்கள் மடு 3 மீட்டர் ஆழம் என்றால் தரையைத் தொட 40 நொடி வேண்டும். டைப் 6 அதில் பாதி நேரத்தில் போய்விடும். இன்டர்மீடியட் என்று விற்கிற லைன் மெதுவாக இறங்கும். அதற்கு ஒரு நிமிஷத்துக்கும் மேலே ஆகும். நீங்கள் மிதக்கும் லைனில் வீசிவிட்டு ஐந்தாறு நொடியில் இழுக்கத் தொடங்கினால் ஃப்ளை எங்கே இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 40 நொடி காத்திருப்பதுதான் மடுவில் மீன்பிடிப்பதிலேயே கஷ்டமான காரியம். கை பரபரக்கும். விடாதீர்கள்.

முதலில் மடுவை அளந்துவிடுங்கள். லைன் விழுந்ததும் பத்து வரை எண்ணி இழுங்கள். அடுத்த வீச்சில் பதினைந்து, அதற்கடுத்து இருபது. இப்படி ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முள்ளில் பாசியோ இலையோ சிக்கி வரும். அதுதான் தரை. அந்த எண்ணிலிருந்து மூன்று நான்கைக் குறைத்துக்கொண்டு, அன்று முழுக்க அந்த எண்ணிலேயே இருங்கள். மீன் எந்த எண்ணில் தொட்டது என்பதையும் மனதில் குறித்துவையுங்கள். அதே ஆழத்தில் அதன் கூட்டாளிகளும் இருக்கும். போன வருஷத்து எண்ணை இந்த வருஷம் நம்பவேண்டாம். வெள்ளம் வந்தால் மடுவின் அடி மாறிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நான் நன்றாக அறிந்த மடுக்களில் மணல் ஏறிவிட்டது. முன்பு முழங்கால் ஆழமாக இருந்த இடம் ஒன்று இப்போது ஆளை முழுங்கும்.

அமிழும் லைன் போட்டால் லீடரை, அதாவது லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பை, நீளமாக வைக்காதீர்கள். மிதக்கும் லைனில் நான்கு மீட்டர் லீடர் கட்டிப் பழகிய கை இங்கேயும் அதையே கட்டும். லைன் தரையில் கிடக்கும், ஃப்ளை மட்டும் நீளமான லீடரின் நுனியில் மேலே ஏறி நிற்கும். ஒன்று, ஒன்றரை மீட்டர் போதும். லீடருக்கு ஃப்ளோரோகார்பன் நரம்பு நல்லது. சாதாரண நைலானைவிட அடர்த்தி அதிகம், தானாகவே அமிழும்.

அடுத்து, எங்கே வீசுவது. அகலமாகக் கிடக்கிற தண்ணீரைப் பார்த்ததும் நடு ஆற்றுக்கு எறியத் தோன்றும். சற்று நின்று நுரையைப் பாருங்கள். வேக நீர் மடுவில் வந்து விழும் இடத்திலிருந்து மெல்லிய நுரைக்கோடு ஒன்று நகர்ந்து போகும். செத்த பூச்சி, விதை, புழு எல்லாம் அந்தக் கோட்டோடுதான் போகிறது. அதற்கு நேர் கீழே மீன் நிற்கும். இன்னொரு இடம், மேட்டுத் தரை சட்டென்று சரிந்து ஆழமாகிற விளிம்பு. தண்ணீரின் நிறம் பழுப்பிலிருந்து கரும்பச்சையாக மாறுவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். அந்த விளிம்பைக் குறுக்கே வெட்டி வீசினால் ஃப்ளை மீன் நிற்கும் ஆழத்தில் ஒரு நொடி இரண்டு நொடிதான் இருக்கும். விளிம்பின் நீளவாக்கிலேயே, கரைக்கு இணையாக வீசுங்கள். இழுக்கும் நேரம் முழுக்க ஃப்ளை சரியான ஆழத்தில் வரும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இழுப்பது மெதுவாக. குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடம்பும் மந்தமாகத்தான் இருக்கும், துரத்திக்கொண்டு வராது. இடது கையின் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே லைனை எட்டு வடிவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி எடுக்கும் முறைதான் இதற்கு ஏற்றது. ராட் நுனியைத் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்த்தி, லைனுக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். நுனி உயரத்தில் இருந்தால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்யும். மீன் வாயில் எடுத்துத் துப்பினாலும் உங்களுக்குத் தெரியாது. சில பிடி இழுத்துவிட்டு நிறுத்துங்கள். ஃப்ளை சற்றே இறங்கட்டும். மறுபடி இழுங்கள். நான் மடுவில் பிடித்த மீன்களில் பெரும்பாலானவை ஃப்ளை இறங்கும்போதோ, நின்று மறுபடி எழும்போதோ எடுத்தவைதான்.

கடைசியாக ஒன்று. ஃப்ளை கரைக்குப் பக்கத்தில் வந்ததும் வெடுக்கென்று எடுத்து மறுபடி வீசிவிடாதீர்கள். ராட்டை மெல்ல உயர்த்தி, கண்ணுக்கு ஃப்ளை தெரியும் முன்னால் அப்படியே நிறுத்தி, பத்து எண்ணுங்கள். பின்னாலேயே வந்துகொண்டிருந்த மீன், இரை மேலே தப்பி ஓடுகிறது என்று நினைத்து அங்கேதான் பாயும். அப்புறம் ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் எடுக்காமல் முன்னால் உருட்டிப் போடும் வீச்சு) ஒன்று போட்டு லைனை மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பின்வீச்சு. அமிழ்ந்து கிடக்கும் லைனை ஆழத்திலிருந்து நேராகப் பிடுங்கினால் ராட் முறியும்.

நிழலில் நீங்கள் பார்த்த பெரிய மீன் லார்ஜ்மவுத் யெல்லோஃபிஷாக இருக்கலாம். ஆரஞ்சு-வால் ஆற்று அமைப்பைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன் அது. கெண்டைக் குடும்பம்தான், ஆனால் மற்ற மீனை வேட்டையாடித் தின்னும். 20 கிலோவுக்கு மேல் வளரும், ஆனால் வளர்ச்சி மிக மெதுவு. அழியும் ஆபத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்கு 5-ஆம் எண் ராட் போதாது (எண் கூடினால் ராட்டின் வலுவும் கூடும்). 8-ஆம் எண் எடுத்துக்கொண்டு, விரல் நீளத்துக்குக் குறையாத மீன் போன்ற ஃப்ளை கட்டுங்கள். மாட்டினால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ப்ளூ லகூனிலும் துறைமுகத்திலும் ஷாட் என்ற கடல் மீன் பிடித்து வளர்ந்தவன். ஆழத்துக்குப் போகணும்னா ஈயக்குண்டு ஒன்றைக் கட்டிப் போட்டால் முடிந்ததே? இவ்வளவு விலை கொடுத்து லைன் எதற்கு?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அண்ணா, ப்ளூ லகூனில் நீங்கள் நிற்கிற அதே உம்கெனி ஆறுதான் எங்கள் மேட்டிலிருந்து மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நாலு அணை தாண்டி உங்களிடம் வருகிறது. கடல் அலையில் ஈயம் இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். மடுவில் ஈயக்குண்டு தரையில் போய் உட்கார்ந்துவிடும். ஃப்ளை பாசிக்குள் புதைந்துவிடும். அங்கே ஒரு புழுவையோ மாவையோ வைத்தால் வாசனைக்கு மீன் தேடி வரும். ஃப்ளையில் வாசனை கிடையாது. தரைக்கு ஒரு சாண் மேலே, உயிருள்ள பூச்சி மாதிரி நகர்ந்தால்தான் மீன் நம்பும். அந்த ஒரு சாணைக் காப்பாற்றத்தான் இத்தனை வகை லைன்.

அமிழும் லைன் வாங்கப் பணம் இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். கையில் இருக்கும் மிதக்கும் லைனே போதும், அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் தக்கை கட்டி ஃப்ளை போடுகிறார். ஆழமான இடத்தில் தக்கை அசைவதே இல்லை என்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது அது லேசாகச் சாய்கிற மாதிரி தெரிகிறது. சொன்னால் காற்று என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, பீனிக்ஸ்

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்வதுதான் சரி. அடுத்த தடவை ராட்டை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேக நீரில் மீன் எடுத்தால் தக்கை முக்குளித்துப் போகும். ஆற்றின் ஓட்டமே லைனை இழுத்துவிடுவதால் அப்படி. மடுவில் மீன் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து, தண்ணீரோடு ஃப்ளையை உறிஞ்சி, பிடிக்காவிட்டால் ஒரு நொடியில் துப்பிவிடும். மேலே தெரிவதெல்லாம் இதுதான்: நிமிர்ந்து நின்ற தக்கை படுக்கும், அல்லது படுத்திருந்தது நிமிரும், அல்லது நுரையோடு நகர்ந்துகொண்டிருந்தது நுரையைவிட மெதுவாகும். கடைசியில் சொன்னதுதான் அடிக்கடி நடக்கும். அதனால் தக்கையை மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழ் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகப் போகும் வரை சரி. குமிழ் முந்திவிட்டால் ராட்டை மெல்ல உயர்த்துங்கள். சந்தேகம் வந்தாலும் உயர்த்துங்கள். உயர்த்தும்போது ஃப்ளையும் எழும்புகிறது. பார்த்துக்கொண்டே நின்ற மீன் அப்போது எடுப்பதும் உண்டு.

தக்கைக்கும் ஃப்ளைக்கும் எவ்வளவு தூரம் என்பதில்தான் உங்கள் வீட்டுக்காரர் தடுமாறுகிறார் என்று நினைக்கிறேன். ஓடும் நீரில் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நரம்பு விடுவது வழக்கம், ஏனென்றால் ஓட்டத்தில் நரம்பு சாய்ந்து போகும். மடுவில் நரம்பு ஏறக்குறைய நேராகத் தொங்கும். ஆழம் 2 மீட்டர் என்றால் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விட்டால் போதும். ஒன்றரை மடங்கு விட்டால் ஃப்ளை தரையில் படுத்துவிடும். ஆழத்தை அளக்க, ஃப்ளையின் முள்ளில் இடுக்கி மாதிரி கனமான பொருளை மாட்டி இறக்கிப் பாருங்கள். தக்கை தண்ணீருக்குள் முழுகினால் நரம்பு போதவில்லை, படுத்தால் அதிகம்.

மடு 3 மீட்டரைத் தாண்டினால் ஒரு சிக்கல் வரும். தக்கை ராட்டின் நுனி வளையத்தில் வந்து முட்டிக்கொள்ளும், மீன் இன்னும் 3 மீட்டர் கீழே இருக்கும், வலைக்கு எட்டாது. மீன் மாட்டியதும் தானாக விடுபட்டு நரம்பில் வழுக்கி இறங்கும் தக்கை கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் நாளில் மிதக்கும் லைனைக் காற்று வளைத்து தக்கையை இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்கு லைனை அவ்வப்போது காற்று வரும் பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கேள்வி: ஃப்ளைகளைக் கடையில் வாங்காமல் நானே கட்டப் பார்க்கிறேன். மடுவுக்கு எந்த வகை நல்லது? எங்கள் வீட்டில் காவடி மயிலிறகு பழசாகிக் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தப்பா?
— கல்லூரி மாணவர், மெரேபேங்க்

பதில்: தம்பி, தைப்பூசத்துக்கு எடுக்கிற காவடியில் இருப்பதைத் தொடவேண்டாம். அது முருகனுக்குரியது. உதிர்ந்து, பெரியவர்கள் இனிக் காவடிக்கு ஆகாது என்று ஒதுக்கியதை, வீட்டில் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மயிலிறகின் ஓரத்து இழை ஃப்ளை கட்டுபவர்களுக்குப் பெரிய சொத்து. பச்சையும் வெண்கலமுமாக மின்னும், தண்ணீரில் மெத்தென்று விரியும். நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, 10-ஆம் எண் முள்ளில் தடிமனாகச் சுற்றுங்கள். அடியில் ஈயக்கம்பியோ செம்புக் கம்பியோ சுற்றிக்கொள்ளுங்கள். முன்னால் பழுப்புக் கோழியிறகு இரண்டு சுற்று. தும்பியின் இளம்பருவம் மடுவின் அடியில் ஊர்ந்துகொண்டிருக்குமே, ஏறக்குறைய அதே உருவம் வந்துவிடும். எங்கள் ஸ்கேலி மீன் அதை விடாது. ஸ்கேலி என்பது நேட்டாலுக்கே உரிய யெல்லோஃபிஷ், இந்த மாகாணத்து ஆறுகளில் மட்டும் இயற்கையாக வாழ்கிறது.

சிவப்புப் புழு வடிவமும் ஒன்றிரண்டு கட்டி வையுங்கள். சேற்றுத் தரையில் வாழும் சிறு கொசுப்புழுக்கள் சிவப்பாக இருக்கும். தக்கைக்குக் கீழே அசையாமல் தொங்கவிட அதுதான் சரி. பெரிய மீனுக்கு க்ளவுஸர். அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்றில் பாஸ் மீனுக்காகப் பாப் க்ளவுஸர் என்பவர் உருவாக்கிய வடிவம். முள்ளின் தலைமாட்டில் டம்பெல் மாதிரி கனமான கண் இருக்கும். இழுத்தால் எழும், நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும். முள் மேல்நோக்கித் திரும்பி இருப்பதால் தரையில் அவ்வளவாகச் சிக்காது. மடுவுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தண்ணீருக்குள் இறங்க இறங்க சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும். கலங்கல் தண்ணீரில் நிறத்தைவிட உருவமே கண்ணில் படும், அதனால் கறுப்பு. தெளிந்த குளிர்காலத் தண்ணீரில் பழுப்பும் ஆலிவ் பச்சையும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் கட்டத் தொடங்கவேண்டும். கட்டி முடித்த பிறகு நசுக்கினால் சில சமயம் முள்ளே ஒடிந்துபோகும், அத்தனை வேலையும் வீண்.

கேள்வி: பதினாறு வயது மகன் ஆறு ஆறு என்று அலைகிறான். தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்றால் பில்ஹார்சியா வரும் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா பயமுறுத்துகிறார். உண்மையா?
— ஒரு தாய், டொங்காட்

பதில்: உண்மைதான் அம்மா, அந்த நர்ஸ் அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். பில்ஹார்சியாவைப் பரப்பும் நத்தைகள் வேக நீரில் தங்குவதில்லை. மெதுவாக ஓடும், செடிகொடி மண்டிய ஓரத்தில்தான் வாழும். அதாவது, நான் இந்தப் பக்கம் முழுக்கப் புகழ்ந்துகொண்டிருக்கும் அதே இடத்தில். அவற்றிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு, தண்ணீரில் இருக்கும் மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பகல் வெயில் நேரத்தில்தான் அதிகம் வெளிவரும். கடற்கரையை ஒட்டிய உங்கள் பக்கத்து ஆறுகளில் இது சாதாரணம். டிராகன்ஸ்பர்க் உயரத்துக் குளிர்ந்த ஓடைகளில் பயம் இல்லை.

மடுவில் மீன் பிடிக்கத் தண்ணீரில் இறங்கவே வேண்டியதில்லை என்று மகனிடம் சொல்லுங்கள். கரையில் முழங்காலிட்டு வீசினால் மீனும் மிரளாது. இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மார்பு வரை வரும் ரப்பர் வேடர் (தண்ணீர் புகாத கால்சட்டை) போடவேண்டும். ஏற்கெனவே நின்றிருக்கிறான் என்றால் கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரில் ரத்தம் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பிராசிகுவான்டெல் என்ற மாத்திரையில் குணமாகும் நோய்தான், கவனிக்காமல் விட்டால்தான் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். வடக்கே போங்கோலா மாதிரி ஆறுகளுக்கு அவனைத் தனியாக அனுப்பவே வேண்டாம். அங்கே மடுவில் முதலையும் நீர்யானையும் இருக்கும்.

கேள்வி: வயதான காலத்தில் ஒரு சந்தேகம். ஃப்ளை ஃபிஷிங் வெள்ளைக்காரத் துரைகள் விளையாட்டு. நம் தமிழ்ப் பத்திரிகையில் அதற்கு எதற்கம்மா இத்தனை பக்கம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், லெனேசியா

பதில்: அய்யா, நீங்கள் கேட்கும் கேள்வியின் வலி எனக்குத் தெரியும். என் அப்பா மிட்லண்ட்ஸில் ஒரு விடுதியில் வெயிட்டராக இருந்தார். விருந்தாளிகள் பிடித்துவரும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைக் கழுவி, குடல் எடுத்து, தட்டில் வைத்துக் கொடுத்தவர். அந்த ஆற்றங்கரையில் ராட்டோடு நிற்க அவருக்கு அனுமதி இல்லை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டத்தை 1990-இல்தான் நீக்கினார்கள். மீனின் வயிற்றைக் கிழிக்கும்போது உள்ளே இருக்கும் பூச்சிகளைத் தனியாக எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டுச் சேவலின் கழுத்திறகில் அவர் கட்டிய ஃப்ளைகளை விருந்தாளிகள் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். எனக்கு முதலில் கட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நான் எழுதும் எதுவும் துரைகளிடம் கற்றது இல்லை அய்யா.

இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்காட்லாந்திலிருந்து ட்ரவுட் முட்டையைக் கொண்டுவந்து நேட்டால் ஆறுகளில் குஞ்சு விட்டது 1890-இல். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களை இறக்கியது 1860 நவம்பரில். இந்த ஆறுகளின் கரையில் கரும்பு நட்டவர்கள், ட்ரவுட்டுக்கு முப்பது வருஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஸ்கேலியோ எல்லாருக்கும் முன்னாலேயே இங்கே நீந்திக்கொண்டிருந்தது. அதைக் கட்டைத் தூண்டிலில் பிடித்தாலும் ஃப்ளையில் பிடித்தாலும் அது நம் ஆற்று மீன். நீங்கள் ஒருமுறை நார்த்டேல் வந்தால் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து நானே காட்டுகிறேன்.

கேள்வி: ஆற்றில் பிடிக்க லைசென்ஸ் வேண்டுமா?
— ஒரு வாசகர், வெருலம்

பதில்: வேண்டும். குவாசுலு-நேட்டாலில் எசெம்வெலோ என்ற மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகத்தில் வாங்கவேண்டும். மற்ற மாகாணங்களுக்கு அந்தந்த மாகாணத்துடையது தனி. ஆற்று ட்ரவுட் செப்டம்பர் 1-ஆம் தேதிதான் திறக்கும். அதுவரை ஸ்கேலி, கார்ப், பார்பல் (கெளுத்தி) என்று மற்றதைப் பிடியுங்கள்.

கேள்வி: பிடித்த யெல்லோஃபிஷைப் புளி போட்டுக் குழம்பு வைக்கலாமா அக்கா? எல்லாரும் விட்டுவிடு விட்டுவிடு என்கிறார்கள். பிடித்ததைத் தின்னாமல் விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.
— ஒரு வாசகி, வெரீனிங்கிங்

பதில்: உங்கள் மனசை நான் குறை சொல்லமாட்டேன். மீன் பிடித்தால் சட்டியில் விழவேண்டும் என்று வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் உங்கள் ஊரில் இரண்டு காரணத்துக்காக வேண்டாம்.

முதல் காரணம் தண்ணீர். உங்கள் பக்கம் வால் ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றி மனித உரிமை ஆணையமே விசாரித்து 2021-இல் அறிக்கை கொடுத்தது. கழிவு ஆற்றில் கலந்தால் மெதுவாக ஓடும் இடத்தில்தான் அடியில் படியும். அதே தரையில் மேய்கிற மீனைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். இங்கே எங்கள் டூசி ஆற்றிலும், நகரத்துக்குக் கீழே பிடித்ததை நான் சமைப்பதில்லை.

இரண்டாவது, யெல்லோஃபிஷ் வளர வருஷக்கணக்காகும். வசந்தத்தில் மேலே ஏறி, கூழாங்கல் தரையில் ஓடும் ஆழமில்லாத நீரில் முட்டையிடும். குளிர்காலத்தில் ஒரே மடுவில் கூட்டமாக அடைந்து கிடக்கும். அந்தச் சமயத்தில் ஒரு மடுவைக் கண்டுபிடித்து நாலு பேர் நாலு வாரம் பைகளை நிரப்பினால், வசந்தத்தில் மேலே ஏற ஆள் இருக்காது. மேலே எழுதிய எண்ணிக்கை, நுரைக்கோடு, தக்கை எல்லாம் நன்றாக வேலை செய்யும் முறைகள். அதனால்தான் இதைச் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

குழம்புக்கு மீன் வேண்டும் என்றால் சுத்தமான அணையில் கார்ப் பிடியுங்கள். வெளியிலிருந்து வந்த இனம். அடிச் சேற்றைக் கிளறி நம் மீன்களின் தண்ணீரைக் கலக்குகிறது. எவ்வளவு எடுத்தாலும் பாவம் இல்லை. சேற்று வாடை இருக்கும் என்பார்கள். தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் தடவி அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, வெந்தயம் தாளித்து, இறக்கும்போது கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போடுங்கள். முள் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்கள்.